சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு

சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, கொள்ளுப்பேரப்பிள்ளைகளே,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம் கொண்டது. சயாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் நோங் பிளாடுக்கில் தொடங்கி, காஞ்சனபுரியைக் கடந்து, குவாய் நோய் ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் ஏறி, மூன்று பகோடா கணவாய் வழியாகப் பர்மாவின் தன்பியூசயாட்டில் போய் முடிந்தது. 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இரு முனைகளிலிருந்தும் போடப்பட்டுவந்த தண்டவாளங்கள் கொங்கொய்த்தா என்னும் இடத்தில் இணைந்தன. இந்தப் பாதைக்காக மண் சுமந்தவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் மரம் சாய்த்தவர்களிலும் உங்கள் தாத்தாக்கள், பெரிய தாத்தாக்கள், தாய்மாமன்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த அரசு ஏட்டிலும் இல்லை, எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் வீடுகளில் பேசப்பட்டதும், பேசப்படாமல் விடப்பட்டதும்தான் அவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் சான்று. அதனால்தான் இந்த மடல் அரசுகளுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

முதலில் கணக்கு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் இந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைவிடப் பன்மடங்கு பெரியது. மலாயா, பர்மா, ஜாவா, தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் 1,80,000க்கும் 2,50,000க்கும் இடைப்பட்டவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போர்க்கைதிகளின் சாவு ஒற்றை இலக்கம் வரை எண்ணப்பட்டிருக்கிறது. தமிழர்களின் சாவுக்கோ பத்தாயிரக்கணக்கில் முன்பின் நகரும் மதிப்பீடுகளே உண்டு. ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொரு மதிப்பீட்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் உங்கள் குடும்பத்து ஆள் தொலைந்துபோயிருக்கிறார்.

அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டு நின்றது. சம்பளமும் அரிசியும் நின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. அந்தப் பசியின் மேல்தான் ஆள்பிடிப்பு நடந்தது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்க இடம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதிகளோடு முதலில் அழைத்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை என்றதும் அழைப்புக்கு ஆள் கிடைக்காமல் போயிற்று. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்தார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியும் மேற்பார்வையாளரான கங்காணியும் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் ஆனார்கள். அதுவும் போதாதபோது லாரிகள் நேரே வந்தன. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிப்போய்க் கதவை அடைத்து அப்படியே ரயிலேற்றினார்கள் என்ற செய்தி பல ஊர்க் குடும்பங்களில் ஒரே மாதிரி சொல்லப்படுகிறது. 1943 ஏப்ரல் முதல் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கணவனை விட்டுப் பிரிய மனமில்லாமல் பிள்ளைகளோடு உடன் போன பெண்களும் இருந்தார்கள்.

இவர்களைக் கைதிகள் என்று சொல்லலாமா, சம்பளத்துக்குப் போன கூலிகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் கேட்கக்கூடும். விடை தெளிவானது. கூட்ஸ் பெட்டிகளில் அடைக்கப்பட்டு நான்கைந்து நாள் பயணித்துத் தாய்லாந்தின் பான் போங்கில் இறக்கப்பட்டவர்கள், அங்கிருந்து காவலர்களின் கண்காணிப்பில் காட்டுவழியே பல நாட்கள் நடத்தப்பட்டார்கள். முகாமை விட்டு வெளியேறத் தடை இருந்தது. தப்பி ஓடிப் பிடிபட்டவர்கள் அடிக்கப்பட்டார்கள். சொன்ன தவணை முடிந்தபின்னும் பெரும்பாலோரை ஊருக்கு அனுப்பவில்லை. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகளில் கொடுக்கப்பட்ட கூலிக்கு அந்தக் காட்டில் வாங்க எதுவும் இல்லை. போக முடியாத, மறுக்க முடியாத, தெரிவிக்க முடியாத நிலையில் வைக்கப்பட்டவர் கைதிதான். அவருக்குக் கைதி எண் மட்டும் கொடுக்கப்படவில்லை.

அந்த எண் இல்லாததுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. போர்க்கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் இருந்தது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டு, பின்னர் உறுதிப்படுத்தாமல் விட்டது. முகாம்களில் அதை மதிக்கவும் இல்லை. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தின் பெயரால் கேள்வி கேட்க அவர்களுக்கு அரசுகள் இருந்தன. பெயர், படைப்பிரிவு, எண் ஆகியவற்றோடு பட்டியல்கள் இருந்தன. முகாமில் அவர்களுக்கென்று அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். குடிமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. 1943இல் தோட்டத் தொழிலாளிக்காகப் பேச எந்தச் சட்டமும் இல்லை, எந்த அரசும் இல்லை. அவரைப் பெயர் சொல்லி எண்ணி வைத்திருந்த ஒரே ஏடு, செக்ரோல் எனப்பட்ட தோட்டத்து ஆள் பதிவேடு. அதை வைத்திருந்த நிர்வாகமே அப்போது கலைந்துபோயிருந்தது.

1943ஆம் ஆண்டின் மழைக்காலம் இந்த வேறுபாட்டை உயிர்க்கணக்காக மாற்றியது. பாதையைக் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஜப்பானியத் தலைமை நெருக்கியது. இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கினார்கள். மே மாதம் முதல் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. ஏற்கெனவே குளிர்காய்ச்சலும், சீதபேதியும், சத்தில்லாத சோற்றால் வந்த வீக்கமும், மூங்கில் கீறிப் புரையோடிய புண்களும் இருந்தன. போர்க்கைதிகளின் முகாம்களில் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும், நோயாளிகளைப் பிரித்து வைக்கவும், கையில் கிடைத்ததைக் கொண்டு உப்புநீர் ஏற்றவும் மருத்துவர்கள் இருந்தார்கள். தமிழர் முகாம்களில் அப்படிப்பட்டவர்கள் அநேகமாக இல்லை. சாவு மிகுந்து வேலை தடைப்படத் தொடங்கிய பிறகுதான், 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும், சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்த படை மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட இரண்டு குழுக்கள் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. ஒன்றில் 230 பேர், மற்றொன்றில் 115 பேர். நூறு கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடந்த முகாம்களுக்கு அவ்வளவுதான். உங்கள் குடும்பத்தில் “காட்டுல வாந்திபேதி கண்டு செத்துட்டாராம்” என்று ஒற்றை வரியில் சொல்லப்படும் சாவு இந்த மாதங்களுக்கு உரியது.

பாதை முடிந்ததோடு அவர்களுடைய சிறையும் முடிந்துவிடவில்லை. இன்ஜினுக்கு விறகு வெட்டவும், மழையில் சரிந்த மண்ணை அள்ளவும், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த பாலங்களைத் திரும்பக் கட்டவும் அவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கினார்கள்.

போருக்குப் பிறகு நடந்தவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டு நினைவின் மதிப்பு அங்கேதான் புலப்படும். 1945 செப்டம்பரில் நேச நாடுகளின் சிறு குழு ஒன்று பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. சில வாரங்களுக்குள் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் கல்லறைகளை அது கண்டறிந்தது. அவ்வளவு விரைவில் முடிந்ததற்குக் காரணம் இருந்தது. யார், எந்த முகாமில், எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதைச் சக கைதிகள் காவலர்களுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்தின் துணையால் உடல்கள் எடுக்கப்பட்டு மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 பேர், சுங்காயில் 1,700க்கும் மேற்பட்டோர், தன்பியூசயாட்டில் 3,700க்கும் மேற்பட்டோர். இன்று அங்கே ஒரு பேரன் லண்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ வந்தால் வரிசை எண்ணைப் பார்த்துத் தன் தாத்தாவின் பெயர் முன்னால் நிற்க முடிகிறது.

தமிழர்களின் குழிகளைத் தேடி அப்படி எந்தக் குழுவும் போகவில்லை. போயிருந்தாலும் தேடுவதற்குப் பட்டியல் இல்லை. 1990ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பெயர் சொல்ல எவராலும் முடியவில்லை. இதற்கு நேர்மாறாக, அந்தப் பாதையில் ஓடிய ஒரு நீராவி இன்ஜின் தோக்கியோவின் யூஷுகான் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் எண் சி56-31. இரும்புக்கு எண்ணும் இருப்பிடமும் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பாதை போட்ட உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

பணத்திலும் இதே கதைதான். பாதையின் தாய்லாந்துப் பகுதியை 1946இல் அந்நாட்டு அரசு 12,50,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அண்டை நாட்டு ரயில்வேக்களிலிருந்து ஜப்பானியர் கழற்றிப்போன தளவாடங்களுக்கு அந்தத் தொகை ஈடாயிற்று. மலாயாவின் கிழக்குக்கரை ரயில் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் சயாமுக்குப் போனவைதாம். தண்டவாளத்துக்கு விலை பேசப்பட்டது. அதே ரயிலில் போன ஆட்களைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் முன்னாள் போர்க்கைதிகளுக்குச் சிறு தொகைக்கு வழி செய்தது. கட்டாய வேலை செய்த ஆசியத் தொழிலாளி அதில் இடம்பெறவில்லை. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்பிலான உதவி கிடைத்தது. அது கப்பல்களாக வந்தது. எந்தத் தொழிலாளியின் கைக்கும், எந்த விதவையின் கைக்கும் ஒரு காசும் வரவில்லை. பிரிட்டிஷ் அரசு 2000ஆம் ஆண்டில் தன் முன்னாள் தூரகிழக்குக் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டும், ஆஸ்திரேலிய அரசு 2001இல் 25,000 ஆஸ்திரேலிய டாலரும் கொடுத்தன. உங்கள் குடும்பங்களுக்காக அப்படிச் செய்யும் அரசு எதுவும் முன்வரவில்லை. இந்த மனக்குறை நியாயமானது. அதை மறக்கும்படி உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது. ஆனால் எந்த நியாயத்தைக் கேட்பதானாலும் முதலில் யாருக்காகக் கேட்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

அந்தப் பெயர்கள் ஏன் இதுவரை எழுதப்படவில்லை? உங்கள் வீட்டு மௌனத்துக்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை இகழ முடியாது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் எழுதத் தாள் இல்லை, கேட்க ஆள் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் விடிந்தபோது பிணமாகக் கிடந்ததை, உயிர் இருக்கும்போதே ஆளைப் பிணக்குவியலில் போட்டதைப் பிள்ளைகளிடம் சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வராது. ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்று ஒத்துக்கொள்வதில் ஒரு கூச்சம் இருந்தது. தம்பிக்குப் பதிலாக அண்ணன் போனான், பணக்காரன் மகனுக்குப் பதிலாக ஏழையின் மகன் போனான் என்பன போன்ற கணக்குகள் ஒரே லயத்தில் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவில் கிடந்தன. பெயர் கொடுத்த கிராணியின் குடும்பமும் பெயர் கொடுக்கப்பட்டவரின் குடும்பமும் ஒரே கோயிலில் கும்பிட வேண்டியிருந்தது. புருஷன் செத்துவிட்டான் என்று நம்பி மறுமணம் செய்துகொண்டவள் வீட்டுக்கு அவன் திரும்பி வந்ததும் உண்டு. இதையெல்லாம் பேசாமல் விட்டதால்தான் அந்தத் தலைமுறை சேர்ந்து வாழ முடிந்தது.

போரைப் பற்றிய பொதுப்பேச்சும் இந்த நினைவுக்கு இடம் கொடுக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குக் கொடியும் சீருடையும் தலைவரும் இருந்தார்கள். அதில் பெருமை உண்டு, அந்தப் பெருமைக்கு அவர்கள் உரியவர்கள். சயாமுக்குப் போனவர்களிடமோ சொல்லிக்கொள்ள வீரச்செயல் எதுவும் இல்லை. அவர்கள் பட்டதும் பொறுத்ததும் உழைத்ததும் செத்ததும் மட்டுமே இருந்தன. மேற்கத்திய உலகம் இந்தப் பாதையை 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய திரைப்படத்தின் வழியே அறிந்துகொண்டது. அந்தப் படம் வெள்ளைக்காரக் கைதிகளின் கதை.

ஆனாலும் உங்கள் வீடுகளில் எதுவும் இல்லாமல் இல்லை. சயாமுக்குப் போகாமல் தோட்டத்திலேயே இருந்த பெண்களின் நினைவில் இந்த வரலாற்றின் பாதி இருக்கிறது. ஆண்கள் போனபின் லயத்தில் எத்தனை அடுப்பு எரிந்தது, யார் யாருடைய பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள், உடுத்தத் துணியில்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்டது யார், மரவள்ளி நட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியது யார் என்பதெல்லாம் சயாம் பாதையின் வரலாறுதான். “தாத்தாவைப் பத்திப் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது” என்று நீங்கள் சொன்னால், அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்க வேண்டும். அவர் தாலியை எப்போது கழற்றினார், யார் சொல்லிக் கழற்றினார், எந்த நாளில் படையல் போடத் தொடங்கினார் என்ற கேள்விகளுக்கான விடையே ஒரு சாவுச் சான்றிதழுக்கு நிகர். இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையிலோ தை அமாவாசையிலோ திதி கொடுத்துவரும் குடும்பம் எதற்காக அந்த நாளைத் தேர்ந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளோடு மலாயாவுக்குப் போனவர்களின் கடிதமும் மணியார்டரும் 1941 டிசம்பரோடு நின்றன. போர் முடிந்து தபால் திரும்பத் தொடங்கியபோது சிலருடைய கடிதம் வந்தது, பலருடையது வரவில்லை. “மலேயாவுக்குப் போனவர், அப்புறம் தகவல் இல்லை” என்று உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள் என்றால், அவர் சயாமில் இறந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய உறையில் ஒரு தோட்டத்தின் முகவரி இருக்கலாம். அந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் போனார்கள் என்பதை மலேசியாவில் ஒரு குடும்பம் நினைவில் வைத்திருக்கலாம். இரண்டு பாதிகளும் சேர்ந்தால்தான் ஆள் முழுமையாவார்.

எங்களுக்குத் தெரிந்தது துண்டு துக்காணி, அதிலும் எது உண்மை எது கதை என்று தெரியாது என்று நீங்கள் தயங்கலாம். துண்டுகளைச் சரிபார்க்க வழி இருக்கிறது. இன்னாருக்குப் பல நாள் காட்டில் நடந்தது நினைவிருக்கிறது, மழையும் வாந்திபேதியும் நினைவிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் 1943 ஏப்ரலுக்குப் பின் போன ஆட்கள் கண்டது. பாலத்தில் குண்டு விழுந்ததைச் சொல்லியிருந்தால் அவர் 1944, 1945 வரை அங்கே இருந்திருக்கிறார். காஞ்சனபுரி அருகே இருந்த பாலங்கள் 1945இல் பலமுறை தாக்கப்பட்டன. வெள்ளைக்காரக் கைதிகள் பக்கத்தில் வேலை செய்ததைச் சொல்லியிருந்தால் முகாமை அடையாளம் காணும் வாய்ப்புக் கூடுகிறது. ஏனென்றால் அந்தக் கைதிகள் எழுதிய நாட்குறிப்புகளில் பக்கத்துத் தமிழர் முகாம்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரைத் தாத்தா எப்படி உச்சரித்தாரோ அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுதினால் ஆராய்பவருக்குக் கிடைக்கும் தடயம் அழிந்துபோகும். “பாட்டி சொன்னது”, “அத்தை சொன்னது”, “நாங்கள் ஊகித்தது” என்று பிரித்துக் காட்டினால் போதும். எது உறுதி, எது ஐயம் என்று குறிப்பிட்ட ஒரு பக்கம், அழகாக எழுதப்பட்ட பத்துப் பக்கக் கதையைவிட வரலாற்றுக்கு உதவும்.

இதற்கு முன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்வது தவறு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் மலேசியத் தமிழ் வாசகர்களிடம் இந்தத் துயரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. சீ. அருண் நேரில் கேட்டறிந்தவற்றை நூலாக்கினார். தப்பிப் பிழைத்த முதியவர்களைப் பேச வைத்து ஆவணப்படம் எடுத்தவர்களும், ஆண்டுதோறும் காஞ்சனபுரிக்குப் போய் அஞ்சலி செலுத்துபவர்களும் மலேசியாவில் இருக்கிறார்கள். 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இவை எல்லாம் தொகுப்பாக நின்று பேசுபவை. நாவல் ஒரு தோட்டத்தைச் சொல்லி எல்லாத் தோட்டங்களையும் உணர்த்தும். நடுகல் ஒரே கல்லாக நின்று எல்லோரையும் வணங்க வைக்கும். ஆனால் உங்கள் தாத்தா தனி ஆள். அவருக்கென்று ஒரு பெயரும், ஒரு லயமும், ஒரு நடையும், ஒரு கோபமும் இருந்தன. அவரைத் தனி ஆளாக மீட்டெடுக்க உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.

காலமும் குறுகிவிட்டது. 1943இல் 10 வயதில் தன் தகப்பன் லாரியில் ஏறியதைப் பார்த்த பிள்ளை இன்று 90 வயதைக் கடந்துவிட்டார். சயாமுக்குப் போய் வந்தவர்களில் இன்று பேசக்கூடியவர் மிக மிக அரிது. பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. ஒரே தோட்டத்தில் இருந்தவர்கள் நாலா ஊர்களுக்கும் பிரிந்துவிட்டார்கள். தோட்டத்துப் பெயரையே பேரப்பிள்ளைகள் மறந்துவரும் காலம் இது. தோட்டத்துப் பெயர் மறைந்தால் சயாமுக்குப் போனவரைத் தேடும் முதல் வழி அடைபட்டுவிடும்.

ஆகையால் உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ வயது, தமிழ்நாட்டில் பூர்வீக ஊர், தோட்டத்தின் பெயர், அங்கே செய்த வேலை ஆகியவற்றைக் குறியுங்கள். எப்போது, எப்படி, யாரோடு போனார், அவரைப் பற்றிய செய்தியை யார் கொண்டுவந்தார், திரும்பினாரா இல்லையா, திரும்பியிருந்தால் உடம்பில் என்ன குறி இருந்தது, எதைச் சாப்பிட மறுத்தார், தூக்கத்தில் என்ன சொல்லிக் கத்தினார் என்பதையும் சேருங்கள். வீட்டில் 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவருக்கு அலுப்புத் தட்டினால் நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திப் பெற வேண்டாம். படம், பழைய அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், உறை, தபால் முத்திரை எதையும் கழிவு என்று எறிய வேண்டாம். தெளிவாகப் படம் பிடித்து வையுங்கள்.

பெயர் கொடுத்த கிராணிகளின், கங்காணிகளின் குடும்பங்களுக்கும் இந்த வேண்டுகோள் உண்டு. துப்பாக்கிக்கு முன்னால் நின்று பெயர் சொன்னவரின் நிலையும் இந்த வரலாற்றில் சேர வேண்டியது. உங்கள் தாத்தா எழுதிய பட்டியலோ செக்ரோல் ஏடோ எங்காவது மிஞ்சியிருந்தால், அதை மறைத்து வைப்பதைவிட வெளியே கொடுப்பதே அவருக்கும் செய்யும் நன்மை. பட்டியலில் பெயர் இருந்தவர்களின் குடும்பங்கள் அதைப் பழி தீர்க்கும் கருவியாக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுகளுக்குப் பின் பேரன்மீது போட வேண்டிய வழக்கு எதுவும் இல்லை. பொறுப்பு ஆள்பிடித்த ராணுவத்துடையது.

தனித்தனிப் பக்கங்கள் சேர்ந்ததும் தோட்டவாரியாகப் பட்டியல் போடுங்கள். ஒரே தோட்டத்திலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்தாலே விடுபட்ட பெயர்கள் பல கிடைக்கும். ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவுபடுத்துவார். பழைய தோட்டத்துக் கோயிலின் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் கூடும் நாள் இதற்கு ஏற்றது. அந்தப் பட்டியலின் ஒரு படியைக் கோயிலிலும், ஒரு படியைத் தமிழ்ப்பள்ளி நூலகத்திலும், ஒரு படியை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கொடுத்து வையுங்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகலாம். ஒரே இடத்தில் வைத்தது ஒரே விபத்தில் அழியும். பல இடங்களில் இருப்பது நிற்கும்.

காட்டுக்குள் இருந்த வெள்ளைக்காரக் கைதிகள் தங்கள் தோழர்களின் பெயரை எழுதி வைத்ததால்தான் இன்று அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. உங்கள் தாத்தாவின் பக்கத்தில் அப்படி எழுதத் தெரிந்தவர் இல்லாமல் போனார். இப்போது அவருடைய வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்த ஆண்டுக்குள் உங்கள் வீட்டுப் பக்கத்தை எழுதி முடியுங்கள். உங்கள் தோட்டத்துப் பட்டியலைத் தொடங்குங்கள். தெரிந்த இன்னொரு குடும்பத்திடம் இந்த மடலைக் கொடுங்கள்.